சவேரியாரும் வின்சோனும்: தமிழும் பாஸ்கும் சந்தித்த வரலாறு

புதுச்சேரியிலிருந்து மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், கோட்டக்குப்பத்தைக் கடந்ததும் பெரிய முதலியார்சாவடி வருகிறது. ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் 'சாவடி' என்னும் சொல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் அது உண்டு. வழிப்போக்கர் தங்கும் மண்டபம், ஊரார் கூடும் இடம், வழக்குக் கேட்கும் இடம், சுங்கம் வாங்கும் இடம் எனப் பல பொருள்களில் அது வழங்கி வந்தது. கடல்வழி வந்த ஐரோப்பியர் அச்சொல்லைத் தத்தம் நாவிற்கேற்ப மாற்றிக்கொண்டனர். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் வாயில் அது 'சௌல்ட்ரி' ஆயிற்று. புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரர் வாயில் 'ஷோத்ரி' ஆயிற்று. புதுச்சேரியில் இந்தியர் தம்முள் கொண்ட வழக்குகளை விசாரித்த மன்றத்தின் பெயரே 'ஷோத்ரி நீதிமன்றம்' என்பதாகும். 1766 முதல் 1817 வரை அங்கு வழங்கப்பட்ட தீர்ப்புகள் பிற்காலத்தில் நூலாகவும் அச்சேறியுள்ளன. பிரெஞ்சு மட்டும் அறிந்த ஒருவர் அப்பெயரைக் கண்டு, 'ஷோ' என்றால் அம்மொழியில் வெப்பம் ஆயிற்றே, வழக்கு சூடாக நடந்த இடம் போலும் என்று பொருள் கூறினால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஒலியை மட்டும் கொண்டு சொல்லுக்கு உறவு தேடுவோர் எல்லோருக்கும் நேரக்கூடியதே இது.

இலக்கிய வட்டங்களில் இவ்வகை உறவு தேடும் ஆர்வம் எப்போதும் உண்டு. உலகத்தின் எம்மூலையிலேனும் ஒரு சொல் தமிழ்ச்சொல்லைப் போல ஒலித்தால், அம்மொழி தமிழின் மகள் என்று கூறிவிடும் உரைகளுக்குக் கைதட்டல் குறைவதில்லை. அந்த ஆர்வத்தின் வேரில் இருப்பது மொழிப்பற்று. அதனை எள்ளுதல் முறையன்று. ஆயினும், தமிழோடு எவ்வகைத் தொடர்பும் அற்றதெனத் தோன்றும் ஒரு மொழியை அருகில் வைத்து நோக்கும்போது கிடைக்கும் பயன், பொய்யான உறவுமுறையைக் காட்டிலும் பெரிது. பிரான்சுக்கும் இசுபானியாவுக்கும் இடையிலுள்ள பிரனீசு மலையின் மேற்குச் சரிவுகளிலும் பிசுக்கே விரிகுடாக் கரையிலும் பேசப்படும் பாஸ்கு மொழி அத்தகையது. அதனைப் பேசுவோர் தம் மொழியை 'எயுஸ்கரா' என்பர். ஐரோப்பாவின் பிற மொழிகள் எதனோடும் அதற்கு உறவு நிறுவப்படவில்லை. உரோமர் வருவதற்கு முன்பே அங்கே பேசப்பட்டு, அவர்கள் மொழியிலிருந்து பிறந்த பிரெஞ்சும் இசுபானியமும் சூழ்ந்து நிற்க, தன்னந்தனியே பிழைத்து நிற்பது அது.

அந்த மொழியும் தமிழும் வரலாற்றில் இருமுறை குறிப்பிடத்தக்க வகையில் சந்தித்திருக்கின்றன. முதற் சந்திப்பு தமிழ்நாட்டுக் கடற்கரையில் நிகழ்ந்தது. இரண்டாவது பாஸ்கு நாட்டிலே.

தமிழ்க் கிறித்தவர்களிடையே சவரிமுத்து, சவரியம்மாள், சவேரியார் என்னும் பெயர்கள் மிகப் பரவலானவை. புதுச்சேரியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இப்பெயருடையோர் எத்தனையோ பேர். இப்பெயர்கள் யாவும் புனித பிரான்சிசு சவேரியாரிடமிருந்து வந்தவை. அவர் 1506-ஆம் ஆண்டு நவார் நாட்டில் ஒரு கோட்டையில் பிறந்தார். கோட்டையின் பெயரே அவர் பெயருக்குப் பின்னொட்டாயிற்று. அக்கோட்டைப் பெயர் பாஸ்கு மொழிச் சொற்றொடர் ஒன்றன் திரிபு. 'எச்செ' என்றால் வீடு. 'பெர்ரி' என்றால் புதிய. 'எச்செபெர்ரி' என்றால் புதுவீடு. அதுவே தேய்ந்து 'சவியேர்' ஆகிப் போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழகம் வந்து 'சவேரியார்' என நின்றது. தமிழர் நாவில் நாள்தோறும் வழங்கும் ஒரு பாஸ்குச் சொல் இருக்கிறது என்பது அப்பெயரைத் தாங்குவோருக்கே தெரியாத செய்தி.

சவேரியார் 1542 மே மாதம் கோவா வந்திறங்கினார்; அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவர் பேசிய தமிழ் அவருக்குத் தெரியாது. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமாபுரிக்கு எழுதிய மடலில், தாம் பேசுவது அவர்களுக்கு விளங்காமலும் அவர்கள் பேசுவது தமக்கு விளங்காமலும் இருந்ததைக் கூறுகிறார். காரணமும் சொல்கிறார்: அவர்களுக்குத் தாய்மொழி 'மலபார்', தமக்குத் தாய்மொழி பாஸ்கு. அக்காலப் போர்த்துக்கீசியர் தமிழை 'மலபார்' என்றே வழங்கினர். அவர் இசுபானியம், இலத்தீன், பிரெஞ்சு, போர்த்துக்கீசியம் எல்லாம் அறிந்தவர். பாரிசுப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஆயினும் மொழியறியாது திகைத்து நின்ற அவ்விடத்தில் அவர் நினைவுக்கு வந்தது தாயிடம் கற்ற மொழியே. இரு மொழிகளையும் அறிந்த உள்ளூரார் சிலரை உடன் வைத்துக்கொண்டு விசுவாச மந்திரத்தையும் கட்டளைகளையும் செபங்களையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். அவர் தமிழை இலக்கணமாகக் கற்கவில்லை. அப்பணி அவருக்குப் பின் வந்த அன்றீக்கு அடிகளாரால் நிறைவேறிற்று.

அச்சு வரலாற்றில் இவ்விரு மொழிகளும் ஏறத்தாழ ஒரே பொழுதில் கண்விழித்தன. பாஸ்கு மொழியின் முதல் அச்சு நூல் 1545-இல் பொர்தோ நகரில் வெளிவந்தது. பெர்னார்டு எச்செபாரே என்னும் பாதிரியார் பாடிய கவிதைத் தொகுதி அது. பத்திப் பாடல்களோடு காதற்பாடல்களும், தாய்மொழியைப் போற்றும் பாடல்களும் அதில் உண்டு. தமிழ்மொழி அச்சேறிய முதல் நூல் 1554-இல் இலிசுபனில் உரோமன் எழுத்தில் வெளியான செபநூல். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. ஒரு மொழி கவிதையோடு அச்சுக்கு வந்தது. மற்றொன்று, தன்னிடம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக் கவிதை ஏட்டில் கிடக்க, செபத்தோடு வந்தது. சங்க நூல்களும் காப்பியங்களும் அச்சேற மேலும் முந்நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் சந்திப்பு சூலியன் வின்சோன் என்னும் ஒருவருக்குள்ளேயே நிகழ்ந்தது. 1843-இல் பாரிசில் பிறந்த வின்சோன், பிரெஞ்சிந்தியாவோடு தொடர்புடைய குடும்பத்தைச் சேர்ந்தவர். இளமையிலேயே தமிழ் கற்றார். பிரான்சில் வனத்துறை அலுவலராகிப் பயோன் நகரப் பகுதியில் பணியாற்றினார். அது பாஸ்கு நாட்டின் வாயில். காட்டைக் காக்கச் சென்றவர் காட்டோரத்து மக்களின் மொழியில் ஆழ்ந்தார். 1877-இல் வெபுசுட்டர் இலண்டனில் வெளியிட்ட பாஸ்கு நாட்டுப்புறக் கதைத் தொகுதிக்குப் பாஸ்கு மொழி பற்றிய கட்டுரையை எழுதிச் சேர்த்தவர் அவரே. மறு ஆண்டு, 1878-இல், திராவிட மொழிகளின் வினைச்சொல் பற்றிய நூலை வெளியிட்டார். 1879 முதல் பாரிசிலிருந்த கீழ்த்திசை மொழிப் பள்ளியில் தமிழ் கற்பித்தார். 1891-இல் பாஸ்கு மொழி நூல்களுக்கு விரிவான அட்டவணை. 1894-இல் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் பகுதிகளைக் கொண்ட நூல். 1900-இல் சிந்தாமணி, சிலம்பு, மணிமேகலைக் கதைகளைப் பிரெஞ்சு வாசகருக்கு அறிமுகம் செய்த இரு தொகுதிகள். 1903-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு தமிழ்க் கையேடு. 1926-இல் மறையும்வரை அவருடைய எழுதுகோல் இவ்விரு மொழிகளுக்கும் மாறி மாறி உழைத்தது.

தமிழறிஞர்க்கு அவர் அயலாரல்லர். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த பின் பாரிசிலிருந்து வின்சோன் தமிழிலேயே அவருக்கு மடல் எழுதியதும், பாரிசு நூலகத்துத் தமிழ் ஏடுகளைப் பற்றி இருவரும் எழுதிக்கொண்டதும் ஐயரின் தன்வரலாற்றால் அறியப்படுகின்றன. கும்பகோணத்துக்கும் பாரிசுக்கும் இடையே ஏட்டுச்சுவடிகளுக்காகத் தமிழில் மடல் போக்குவரவு நடந்த காலம் அது.

இவ்விரு மொழிகளையும் ஒருங்கே அறிந்தவர் கண்ணுக்கு என்னென்ன புலப்பட்டிருக்கும் என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

முதலில் தெரிவது உருபுகளின் அடுக்கு. பாஸ்கு மொழியில் 'எச்செ' வீடு என்றால், 'எச்செயன்' வீட்டில், 'எச்செர' வீட்டுக்கு, 'எச்செதிக்' வீட்டிலிருந்து. பிரெஞ்சு, இசுபானியம், ஆங்கிலம் எல்லாம் உருபுக்கு ஈடான சொல்லைப் பெயருக்கு முன்னே வைக்கின்றன. பாஸ்கு தமிழைப்போலப் பின்னே ஒட்டுகிறது. வினையும் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது. இவை எந்த இலக்கண நூலிலும் கிடைக்கும் ஒப்புமைகள். இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. 'வீட்டிலிருந்து வந்தான்' என்று கூறும் தமிழர் 'நண்பனிலிருந்து வாங்கினான்' என்று கூறுவதில்லை. 'நண்பனிடமிருந்து வாங்கினான்' என்பர். உயிருள்ளவற்றுக்கு 'இடம்' என்பது இடையே வந்து நிற்க வேண்டும். பாஸ்கிலும் 'எச்செ'யோடு நேரே ஒட்டும் 'திக்' என்னும் உருபு, 'லகுன்', அதாவது நண்பன், என்பதோடு நேரே ஒட்டாது. 'கன்' என்னும் உறுப்பு இடையே வந்து 'லகுனரெங்கந்திக்' என்றாகும். வீட்டிலிருந்து பெறுவதும் நண்பனிடமிருந்து பெறுவதும் ஒன்றல்ல என்று இரு மொழிகளும் தனித்தனியே எண்ணியிருக்கின்றன. நாயிடமிருந்து என்றும் தமிழில் சொல்லலாம். பாஸ்கிலும் விலங்குகளுக்கு இவ்விதி செல்லும். தினந்தோறும் பேசும் தமிழர்க்கு இவ்வேறுபாடு கண்ணில் படுவதேயில்லை. பாஸ்கை அருகில் வைத்த பின்புதான் அது பளிச்சிடுகிறது.

சொன்முதல் எழுத்துகளிலும் ஒரு வியப்பு. தமிழ்ச்சொல் ரகரத்தில் தொடங்காது. தொல்காப்பியம் மொழிமுதல் எழுத்துகளில் அதனைச் சேர்க்கவில்லை. வடசொல் வரும்போது முன்னே அகரம், இகரம், உகரம் ஆகிய குறில்களுள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள நன்னூல் வழிகாட்டியது. அவ்வாறே அரங்கமும் இராமனும் உரோமமும் வந்தன. பாஸ்குச் சொல்லும் ரகரத்தில் தொடங்காது. இலத்தீனில் அரசனைக் குறிக்கும் 'ரேகெ' அங்கே 'எர்ரெகெ' ஆயிற்று. ரோசா மலர் 'அர்ரோசா' ஆயிற்று. உரோமாபுரி 'எர்ரோமா' ஆயிற்று. இன்னும் நோக்கினால், இலத்தீன் 'ரேகெ'யும் வடமொழி 'ராச'னும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தவை. ஒரே குடும்பத்துச் சொல்லை மேற்கோடியில் பாஸ்கரும் தென்கோடியில் தமிழரும் கடன்வாங்கி, ஒருவரையொருவர் அறியாமலே, தத்தம் வாசலில் ஓர் உயிரெழுத்தைக் காவல் வைத்து உள்ளே விட்டிருக்கின்றனர்: அங்கே 'எர்ரெகெ', இங்கே 'இராசன்'.

கவிஞர்க்கு மிகவும் உவப்பளிக்கக்கூடியது வினைச்சொல்லின் முடிவு. 'வந்தேன்' என்பது எழுவாயைக் காட்டும் சொல். அதனையே தோழனிடம் கூறும்போது 'வந்தேன்டா' என்றும், தோழியிடம் 'வந்தேன்டி' என்றும், பெரியவரிடம் 'வந்தேனுங்க' என்றும் பேச்சுவழக்கில் கூறுகிறோம். வாக்கியத்தின் பொருளில் கேட்பவருக்குப் பங்கே இல்லை, வந்தவர் பேசுபவர். ஆயினும் வினை முடியுமிடத்தில் கேட்பவர் ஆணா பெண்ணா பெரியவரா என்பது பதிவாகிறது. பாஸ்கில் இது வினையின் உள்ளேயே புகுந்துவிட்டது. 'எதொர்ரி நைஸ்' என்றால் பொதுவாக 'வந்திருக்கிறேன்'. நெருங்கிய ஆணிடம் கூறினால் 'எதொர்ரி நௌக்'. நெருங்கிய பெண்ணிடமானால் 'எதொர்ரி நௌன்'. உலக மொழிகளில் அருகியே காணப்படும் இவ்வழக்கைப் பற்றி எழுதும் இக்கால மொழியியலார், பாஸ்குக்கு அடுத்துத் தமிழின் 'ங்க'வையும் சான்றாக எடுத்து ஆய்கின்றனர். இலக்கணத்தார் ஒதுக்கிவைத்த தெருப்பேச்சில்தான் அச்சான்று கிடைத்தது என்பது கருதத்தக்கது.

பாஸ்கு வினை இன்னும் ஒருபடி மேலே செல்லும். 'எமன் தியொத்' என்றால் 'நான் அவனுக்கு அதைக் கொடுத்திருக்கிறேன்'. 'எமன் திதசு' என்றால் 'நீர் எனக்கு அதைக் கொடுத்திருக்கிறீர்'. கொடுத்தவர், கொடுத்த பொருள், பெற்றவர் மூவரும் துணைவினை ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றனர். தமிழ்வினைக்கு அவ்வாற்றல் இல்லை. 'கொடுத்தேன்' என்பதில் கொடுத்தவர் மட்டுமே உண்டு. ஆயினும் பெற்றவரைத் தமிழ் முற்றும் மறந்துவிடவில்லை. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியன என்றும், கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கு உரியன என்றும் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்துள்ளது. எனக்கும் உனக்கும் என்றால் 'தா'. அவனுக்கு என்றால் 'கொடு'. பாஸ்கு விகுதியால் செய்ததைப் பழந்தமிழ் வினையைத் தெரிந்தெடுப்பதால் செய்தது. இன்றைய தமிழில் இவ்வேறுபாடு மங்கிவிட்டது; மலையாளத்தில் 'தருக', 'கொடுக்குக' என அது இன்றும் உயிரோடு இருக்கிறது. இச்சூத்திரத்தை வெறும் விதியாகப் படித்து மறந்தவர்க்கு, பாஸ்கு வினையைக் கண்டபின் அதன் நுட்பம் புதிதாக விளங்கும்.

இனி, ஒற்றுமைகளைக் கலைக்கும் வேற்றுமைகளும் உண்டு. 'மனிதன் வந்தான்', 'மனிதன் அப்பம் உண்டான்' என்னும் இரண்டிலும் தமிழுக்கு எழுவாய் ஒரே வடிவம். பாஸ்கில் வந்த மனிதன் 'கிசோனா'. அப்பம் உண்ட மனிதன் 'கிசோனக்'. செயப்படுபொருள் உள்ள வினையைச் செய்தவனுக்குத் தனி உருபு வேண்டும். இந்தியின் இறந்தகாலத்தில் வரும் 'நே' உருபை அறிந்தவர்க்கு இது ஓரளவு விளங்கும். எண்ணுப்பெயர்களோ முற்றிலும் வேறு. பாஸ்கர் இருபது இருபதாக எண்ணுவர்; நாற்பது என்பது 'இரண்டு இருபது', எண்பது என்பது 'நான்கு இருபது'. பிரெஞ்சிலும் எண்பதுக்கு 'நான்கு இருபது' என்பதே சொல். புதுச்சேரியில் பிரெஞ்சு பயின்ற மாணவர்க்கெல்லாம் தொல்லை கொடுத்த எண் அது.

இவ்வளவு ஒற்றுமைகளைக் கண்ட வின்சோன் இரு மொழிகளும் உறவு என்று கூறியிருக்க வேண்டுமல்லவா? அவர் கூறவில்லை. பாஸ்கு, அறியப்பட்ட எம்மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி என்றே கொண்டார். இரண்டும் ஒட்டுநிலை மொழிகள் என்பது வேறு; ஒருதாய் மக்கள் என்பது வேறு. இவ்வேறுபாட்டைக் காத்ததில் அவருக்குத் தமிழ் உலகம் கடன்பட்டிருக்கிறது.

இதனால் அவர் கொள்கை முழுவதும் ஏற்கத்தக்கதென்று எண்ணிவிடலாகாது. அவர் சார்ந்திருந்த பிரெஞ்சு மொழியியற் குழுவினர், செருமானிய அறிஞர் இசுலைக்கர் வழியில், மொழிகளை உயிர்ப்பொருள்களாகக் கருதினர். தனிநிலை, ஒட்டுநிலை, உட்பிணைப்புநிலை என மூன்று படிகளை அமைத்து, மேற்படியில் வடமொழியையும் கிரேக்கத்தையும் வைத்தனர். அவ்வளவில் தமிழும் பாஸ்கும் வளர்ச்சி இடையில் நின்றுபோன மொழிகளாயின. தொல்காப்பியத்தையும் சிந்தாமணியையும் உடைய ஒரு மொழியை அவ்வாறு வரிசைப்படுத்தியது அக்கொள்கையின் குற்றமே தவிர மொழியின் குற்றமன்று. இன்று எந்த மொழியியலாரும் அப்படிகளை உயர்வு தாழ்வாகக் கொள்வதில்லை.

உறவை நிறுவுவது எது என்பதற்குப் புதுச்சேரி என்னும் ஊர்ப்பெயரே விடை தருகிறது. 'எச்செபெர்ரி' என்றால் புதுவீடு என்று கண்டோம். புதுச்சேரி என்றால் புதிய குடியிருப்பு. பொருள் அருகருகே, ஓசையோ, 'எச்செ' என்பதும் 'ச்சே' என்பதும், 'பெர்ரி' என்பதன் ஈறும் 'சேரி' என்பதன் ஈறும் ஒத்தொலிக்கின்றன. மேடையில் இதைச் சொன்னால் அவை அதிரும். ஆனால் கன்னடத்தில் சேரி என்பதற்கு இணை 'கேரி'. தமிழில் செவி, கன்னடத்தில் 'கிவி'; தமிழில் செம்மை, கன்னடத்தில் 'கெம்பு'. இகர, எகர உயிர்களின் முன் பழைய ககரம் தமிழில் சகரமானது. கன்னடம் ககரத்தையே காத்தது. ஆகவே சேரியின் பழைய வடிவம் 'கேரி'. அதனை 'எச்செ'யின் அருகே வைத்தால் ஒற்றுமை உப்பைப்போலக் கரைந்துவிடுகிறது. பால் கன்னடத்தில் 'ஹாலு', பல் 'ஹல்லு', பத்து 'ஹத்து' என்பதும் இவ்வாறே. ஒலிகள் ஒன்றாயிருப்பது உறவுக்குச் சான்றன்று. ஒழுங்காக வேறுபடுவதே சான்று. சேரி, கேரி என்னும் பொருந்தா ஓசைகள் உடன்பிறப்பைக் காட்டுகின்றன; எச்செபெர்ரி, புதுச்சேரி என்னும் பொருந்தும் ஓசைகள் எதனையும் காட்டவில்லை.

கடன்சொல்லால் நேரும் மயக்கமும் உண்டு. சிலுவையைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'குருசு' என்பர். பாஸ்கர் 'குருட்சே' என்பர். இதனைக் கண்டு உறவு கூறுவோர், அவர்கள் இலத்தீனிடமும் இவர்கள் போர்த்துக்கீசியரிடமும் வாங்கியதை மறந்துவிடுகின்றனர். இரு வீட்டில் ஒரே கடைச்சரக்கு இருந்தால் இரு வீட்டாரும் உறவினராவதில்லை.

தமிழகத்தில் இம்முறைக்கு அடியிட்டவர் எல்லிசு. 1816-இல் காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம் என்பதைச் சொற்களை நிரல்படக் காட்டி நிறுவினார். கால்டுவெல் 1856-இல் அதனைப் பெருநூலாக்கினார். குடும்பத்தின் உள்ளே அவர் கூறியவற்றுள் பெரும்பாலானவை நின்றன. குடும்பத்தைச் 'சிதிய' மொழிகளோடு இணைக்க முயன்ற பகுதி நிலைக்கவில்லை. பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த புதுச்சேரிக்கு 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். பாரதியாரின் துணையோடு தமிழ் பயின்ற அவர், வடமொழிக்கும் இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் இடையே அறுந்துபோன கண்ணிகளைத் தமிழ்ச்சொற்கள் தமக்குக் காட்டியதாக, 'ஆரியா' இதழில் வெளிவந்த வேத ஆய்வில் எழுதினார். ஆரிய மொழியின் தோற்றம் பற்றி அவர் தொடங்கிய ஆராய்ச்சி முற்றுப்பெறவில்லை; மொழியியலாரும் அவ்வழியை ஏற்கவில்லை. கவிஞனின் செவி கொண்டு கேட்ட ஒப்புமைகள் அவை. வேதத்தை அவர் புதிதாகப் படிப்பதற்கு அவை உதவின என்பது மட்டும் உறுதி. 1963-இல் இலகோவாரி என்னும் ஆய்வாளர் திராவிட மொழிகளையும் பாஸ்கையும் ஒரே பழங்குடும்பமாக்கி ஒரு நூல் எழுதினார். தமிழன்பர் சிலர் அதனை மகிழ்வோடு எடுத்தாண்டனர். ஒழுங்கான ஒலிமாற்றங்கள் காட்டப்படாமையால் அது ஆய்வுலகில் வேரூன்றவில்லை.

உறவில்லாத மொழிகளை ஒப்பிடுவது வீண் என்பாரும் உளர். அவர்கள் பெலருசியத்தையும் அம்காரியத்தையும் நோக்கலாம். ஒன்று கிழக்கு ஐரோப்பாவின் சிலாவிய மொழி. மற்றொன்று எத்தியோப்பியாவின் செமித்திய மொழி. அம்காரியம் அரபியின் உறவாயினும், வினையைத் தமிழ்போல வாக்கிய ஈற்றில் வைக்கிறது. பக்கத்தில் வாழ்ந்த கூசிய மொழிகளிடம் கற்றுக்கொண்ட பழக்கம் அது என்பர். வினை ஈற்றில் நிற்பது மட்டும் உறவாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. அதன் எழுத்தும் தமிழ் உயிர்மெய்போல ஒரு மெய்க்கு ஏழு வடிவம் கொண்டது. பெலருசியத்திலோ, முற்கால இலித்துவேனியப் பேரரசில் குடியேறிய தாத்தாரிய முசுலிம்கள் அம்மொழியை அரபு எழுத்தில் எழுதிய 'கிதாப்' ஏடுகள் உள்ளன. எத்தியோப்பிய முசுலிம்கள் அம்காரியப் பாடல்களை அரபு எழுத்தில் எழுதினர். தமிழ் முசுலிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி மரபு சோழமண்டலக் கரையினர்க்குத் தெரிந்ததே. மூன்று மொழிகளும் உறவல்ல. மூன்று இடத்திலும் மக்கள் தம் வேதத்தின் எழுத்தில் தம் தாயின் மொழியை எழுத விரும்பினர்.

வின்சோனுக்குப் பின் இரு மொழிகளின் ஆய்வும் அவரவர் நாட்டாராலும் பிறராலும் உறுதியான நிலத்தில் நடப்பட்டது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இல் வெளிவந்தது. அதே 1961-இல் கோல்தோ மிச்செலேனா பாஸ்கு ஒலிகளின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். இசுபானிய உள்நாட்டுப் போரில் பாஸ்குப் படையில் இருந்தமைக்காக மரணதண்டனை விதிக்கப்பட்டு, பின் அது குறைக்கப்பட்டுச் சிறையில் கிடந்தவர் அவர். மொழியியலில் அவர் ஆழ்ந்தது சிறைக்காலத்தில்தான். பிராங்கோ ஆட்சியில் பள்ளியிலும் பொதுவிடத்திலும் அவர் மொழிக்கு இடமில்லை. அந்நிலையிலும் அம்மொழிக்குப் பொய்ப்பெருமை தேட அவர் மறுத்தார். இலத்தீனிலிருந்து வந்த கடன்சொற்கள் எவ்வெவ்வாறு மாறின என்பதை அளவுகோலாக வைத்து, பாஸ்கின் பழைய வடிவத்தை மீட்டார். 1968-இல் பாஸ்குப் புலவர்கள் அரன்சாசு மலைக்கோயிலில் கூடிப் பொது எழுத்துமொழி ஒன்றை வகுக்கத் தொடங்கினர். அதற்கு நெறிகாட்டியவரும் அவரே.

அதே 1968-இன் சனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. பிப்ரவரி 28-ஆம் நாள் பெரிய முதலியார்சாவடிக்கு மேற்கே செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டினர் அங்கே வாழ்கின்றனர். அவர்களுள் தமிழ் கற்க முயல்வோர்க்குச் சாவடித் தெருவின் பிள்ளைகளே பெரும்பாலும் முதல் ஆசிரியர். அப்பிள்ளைகள் முதலில் கற்றுக்கொடுப்பது எழுவாயையோ செயப்படுபொருளையோ அன்று. எவரிடம் 'வாங்க' என வேண்டும், எவரிடம் 'வாடா' எனலாம் என்பதையே.